காலிக் கட்டமும் பூஜ்யமும்: உச்ச சீசன் ஃபேன்டஸி கூடைப்பந்து, சில ஆண்டு ஆட்டத்துக்குப் பிறகு

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பழைய வீரர்களின் மிகச் சிறந்த சீசனை வைத்து, ஆளுக்கொருவராக மாறி மாறித் தேர்ந்தெடுத்து அணி கட்டும் டிராஃப்ட்டில் சேரலாமா, முதல் வாய்ப்பில் வில்ட் சேம்பர்லைன் கிடைத்தால் எடுக்கலாமா? முதல் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவதற்கு உடனே சொல்லிவிடலாம். வழக்கமான 9 பிரிவு ஆட்டம் என்றால் வேண்டாம். அந்த ஒன்பது: புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூட்டாளி கூடையில் போட உதவும் பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது), த்ரீ (மூன்று புள்ளி ஷாட்), ஃபீல்ட் கோல் (ஆட்டத்தின்போது எறியும் ஷாட்) சதவீதம், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற ஷாட்) சதவீதம், டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது). ஒவ்வொரு பிரிவிலும் அணிகள் தனித்தனியாக மோதும்.

1961-62 சீசனில் வில்ட் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்ட் எடுத்தார். கூடுதல் நேர ஆட்டங்களும் சேர்ந்ததால் அவர் களத்தில் நின்ற சராசரி 48.5 நிமிடம், அதாவது முழு ஆட்டத்தையும் விட அதிகம். இப்படி ஒரு வரிசையை வேறு எவரிடமும் பார்க்க முடியாது. ஆனால் ஸ்டீல், பிளாக், த்ரீ மூன்றிலும் அவருக்குப் பூஜ்யம். அதோடு ஃப்ரீ த்ரோ 61.3 சதவீதம், அதுவும் ஆட்டத்துக்கு 17 முயற்சிகளில். ஒரே ஆளை எடுத்து நான்கு பிரிவுகளைத் தொலைத்தது போல ஆகிவிடும்.

பல ஆண்டுகளாக எரிச்சல் மூட்டுவது அந்தப் பூஜ்யம்தான். பூஜ்யத்தில் இரண்டு வகை உண்டு. த்ரீயில் வில்டுக்கு இருப்பது நேர்மையான பூஜ்யம். என்பிஏவில் மூன்று புள்ளிக் கோடு வந்ததே 1979-80இல்தான், இல்லாத கோட்டுக்கு வெளியே நின்று யாரும் போட முடியாது. பிளாக்கில் இருப்பது அப்படியல்ல. பிளாக்கும் ஸ்டீலும் 1973-74இல்தான் அதிகாரபூர்வமாக எண்ணப்பட்டன, வில்டின் கடைசி சீசன் அதற்கு முந்தையது. அவர் தடுத்த பந்துகள் நடந்தவை, யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். அதே காலத்தில் ஆடிய பில் ரஸ்ஸலுக்கும் இதே கதி. ஜெர்ரி வெஸ்ட் தன் கடைசி சீசனான 1973-74இல், 35 வயதில், 31 ஆட்டங்கள் மட்டும் ஆடி 81 ஸ்டீல் எடுத்தார், ஆட்டத்துக்கு 2.6. இளமையில் எத்தனை எடுத்திருப்பார் என்று யோசித்தால் அந்தக் காலிக் கட்டங்களைப் பார்க்கவே மனம் வலிக்கிறது.

இந்த டிராஃப்ட்டை நடத்தும் கருவி எழுதப்படாததை 0 என்று நிரப்பிக் கணக்கிட்டால், அதில் இன்னொரு பெரிய கோளாறு இருக்கிறது. தனி வீரர்களின் டர்ன்ஓவர் என்பிஏவில் 1977-78 முதல்தான் பதிவில் உண்டு. ஒன்பதில் குறைவாக வைத்திருப்பவர் வெல்லும் ஒரே பிரிவும் அதுதான். ஆக, பிளாக் பிரிவில் வில்டைத் தண்டிக்கும் அதே காலிக் கட்டம், டர்ன்ஓவர் பிரிவில் 1970களின் வீரர்களுக்குப் பரிசாக மாறுகிறது. 1973-74 முதல் 1976-77 வரையிலான நான்கு சீசன்களில் ஸ்டீலும் பிளாக்கும் உண்டு, டர்ன்ஓவர் மட்டும் இல்லை. இந்த நான்கு சீசன் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் டிராஃப்ட்டை அங்கேயே முடித்துவிடுவார்.

1974-75 பாப் மெக்கடூவைப் பாருங்கள்: 34.5 புள்ளி, 14.1 ரீபவுண்ட், 2.1 பிளாக், ஃப்ரீ த்ரோ 80.5 சதவீதம், டர்ன்ஓவர் "0". 1975-76 கரீம் அப்துல்-ஜப்பார்: 27.7 புள்ளி, 16.9 ரீபவுண்ட், 5 அசிஸ்ட், 4.1 பிளாக், டர்ன்ஓவர் "0". 1976-77இல் இண்டியானாவின் டான் பியூஸ் அசிஸ்ட் (8.5), ஸ்டீல் (3.47) இரண்டிலும் லீக்கிலேயே முதலிடம், அவருக்கும் "0". ஒரு பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) சீசன் முழுக்கப் பந்தை ஒருமுறைகூட இழக்கவில்லை என்று கணக்கு காட்டுகிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும்? சமநிலை அணி கட்டும் கலையே டர்ன்ஓவரில்தான் இருக்கிறது. புள்ளியும் அசிஸ்டும் அள்ளித் தருபவர்கள் அதற்கு விலையாகப் பந்தை இழப்பார்கள். 2016-17 ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட் தந்து 5.4 டர்ன்ஓவர் வைத்தார். அதே சீசனில் ஜேம்ஸ் ஹார்டன் 5.7. இந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் இடத்தில்தான் ஆட்டத்தின் சுவையே இருக்கிறது. விலையே இல்லாத சரக்கு நான்கு சீசன் நிறையக் கிடந்தால் யோசிக்க ஒன்றுமில்லை.

சரிசெய்வது கடினமும் இல்லை. எளிய வழி, 1977-78க்கு முந்தைய சீசன்களை 9 பிரிவு ஆட்டத்தில் அனுமதிக்காமல் விடுவது. மெக்கடூவையும் கரீமையும் விட மனமில்லை என்றால் மதிப்பீடு போடலாம். வீரரின் டர்ன்ஓவர் பதிவான முதல் சீசனை எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை டர்ன்ஓவர் என்று பார்த்து, பழைய சீசனின் நிமிடங்களால் பெருக்குங்கள். கரீம் 1977-78இல் 36.5 நிமிடத்தில் 3.4 இழந்தார். 1975-76இல் ஆடியது 41.2 நிமிடம். ஆக 3.4 ÷ 36.5 × 41.2, சுமார் 3.8. இந்த எண்ணை வைத்தாலும் அவர் முதல் சுற்று வீரர்தான், ஆனால் இலவசம் அல்ல. 1977க்கு முன்பே ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த வழி உதவாது. அவர்களுக்கு 5 பிரிவு ஆட்டம் தனியாக வையுங்கள்: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஃபீல்ட் கோல் சதவீதம், ஃப்ரீ த்ரோ சதவீதம். அங்கே ராஜா வில்ட் அல்ல, 1961-62 ஆஸ்கர் ராபர்ட்சன்: 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட், ஃப்ரீ த்ரோ 80.3. ஐந்தில் எதிலும் ஓட்டை இல்லை.

அந்த 5 பிரிவு ஆட்டத்திலும் பழைய காலத்தின் ஆட்ட வேகத்தைச் சரிக்கட்டியே ஆக வேண்டும். 1961-62இல் ஒரு அணி சராசரியாக ஆட்டத்துக்கு 107க்கு மேல் ஷாட் எறிந்தது, அதில் 43 சதவீதம்கூட உள்ளே போகவில்லை. தவறிய பந்துகள் குவிந்ததால் அணிக்குச் சுமார் 71 ரீபவுண்ட். 1991-92இல் அது 44ஐ ஒட்டி இறங்கிவிட்டது. 44/71 என்ற விகிதத்தில் இறக்கினால் வில்டின் 25.7 ஏறக்குறைய 16 ஆகும். அந்த 1991-92இல் டென்னிஸ் ராட்மன் எடுத்தது 18.7. ரீபவுண்ட் மட்டும் வேண்டுமென்றால் ராட்மன்தான், தயங்க வேண்டாம்.

இனி, இந்த ஆட்டம் தரும் உண்மையான மகிழ்ச்சி. அது ஃப்ரீ த்ரோ கணக்கு. புதிதாக வருபவர்கள் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். முயற்சிகளின் எண்ணிக்கைதான் எடை. 1999-2000 ஷகீல் ஓ'நீல் ஆட்டத்துக்கு 10.4இல் 5.5 போட்டார். அவரோடு 1987-88 மைக்கேல் ஜோர்டன் (10.5இல் 8.8), 2015-16 ஸ்டீபன் கறி (5.1இல் 4.6) இருவரையும் சேர்த்தால் மூவருக்கும் 26இல் 18.9, அதாவது 72.7 சதவீதம். ஷாக் இல்லாமல் அதே இருவர் 86ஐத் தொட்டிருப்பார்கள். இந்தப் பள்ளத்தை நிரப்ப பலரும் ஓடிப்போய் எடுப்பது 2008-09 ஹோசே கால்டெரோனை, 154இல் 151 போட்டு 98.1 சதவீதம் வைத்தவர். ஆனால் ஆட்டத்துக்கு அவர் எறிந்தது 2.3 மட்டும். சேர்த்தால் அணி 74.6க்குத்தான் ஏறும். அவருக்குப் பதில் 2012-13 கெவின் டூரண்ட், 90.5 சதவீதம்தான், ஆனால் 9.3இல் 8.4. அணி 77.3க்குப் போய்விடும். குறைந்த சதவீதக்காரர் அதிகம் தூக்கிவிடுகிறார்! இந்தக் கணக்கு முதன்முறை பிடிபடும் மாலைக்காகவே இந்த ஆட்டத்தை ஆடலாம்.

தேர்வு வரிசை பற்றிச் சுருக்கமாக. த்ரீயும் புள்ளியும் கடைசிச் சுற்றுகளில்கூடக் கிடைக்கும், அண்மைய பத்தாண்டுகளில் கார்டு இடத்தில் ஆடும் வீரர்கள் அவ்வளவு பேர். ஃப்ரீ த்ரோவைக் கெடுக்காமல் பிளாக் தரும் உயரக்காரர்கள்தான் அரிது. 2014-15 ஆன்தனி டேவிஸ் 24.4 புள்ளி, 2.9 பிளாக், ஃப்ரீ த்ரோ 80.5, டர்ன்ஓவர் வெறும் 1.4. 2003-04 கெவின் கார்னெட்டும் 1993-94 டேவிட் ராபின்சனும் அடுத்து. நடுச் சுற்றுகளில் 2005-06 ஷான் மேரியன் இன்னும் இருந்தால் விடாதீர்கள்: 21.8 புள்ளி, 11.8 ரீபவுண்ட், ஸ்டீல் 2, பிளாக் 1.7, டர்ன்ஓவர் 2க்கும் கீழே. அவரிடம் எதுவும் கண்ணைப் பறிக்காது, எதுவும் குறையவும் குறையாது.

மாறாக 1984-85 மார்க் ஈட்டனின் 5.56 பிளாக் கண்ணைக் கட்டிவிடும். ஒரு பிரிவை 0.1இல் வென்றாலும் 5இல் வென்றாலும் ஒரே வெற்றிதான். ஏற்கெனவே டேவிஸும் ராபின்சனும் இருக்கும் அணியில் ஈட்டன் வீண். உயரக்காரர் யாரும் அமையாத அணிக்கு மட்டும் அவர் மருந்து. ஸ்டீலுக்கு 1985-86 ஆல்வின் ராபர்ட்சனும் (3.67) அப்படித்தான்.

இன்னொரு சின்ன விஷயம்: 1994-95 முதல் 1996-97 வரை மூன்று புள்ளிக் கோட்டை முழுக்க 22 அடிக்கு இழுத்து வைத்திருந்தார்கள், வழக்கமான 23 அடி 9 அங்குலத்தை விட்டு. 1995-96 டென்னிஸ் ஸ்காட்டின் 267 த்ரீயை அந்தக் கண்ணோடு பாருங்கள். இதை நான் பிழை என்று சொல்லமாட்டேன், கோடு அங்கே இருந்தது, அவர் போட்டார்.

சேரலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய ஆட்டத்தை எண்களின் வழியே இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் பொழுதுபோக்கு வேறில்லை. இருந்தும் காலிக் கட்டத்தை 0 என்று எண்ணும் கருவியில் சேராதீர்கள், ஒரு டிராஃப்ட்கூட வேண்டாம். சேருவதற்கு முன் 1976-77 பியூஸின் வரிசையைத் திறந்து டர்ன்ஓவர் கட்டத்தைப் பாருங்கள். பதிவு இல்லை என்று சிறு கோடு (–) போட்டிருந்தால் பெயரைக் கொடுங்கள். 0 என்று இருந்தால் நான்கைந்து நண்பர்களைக் கூட்டி, ஒரு விரிதாளில் 1977-78 முதல் என்று நீங்களே விதி வைத்து ஆடுங்கள். அந்த ஆட்டத்தில் முதல் வாய்ப்பு கிடைத்தால் 1987-88 ஜோர்டன்: 35 புள்ளி, 3.16 ஸ்டீல், கார்டாக இருந்தும் 1.6 பிளாக்.