ஒட்டுண்ணி அட்டை: மாடித்தோட்டத்துக்கு வாங்கலாமா?

கத்தரிச் செடியின் நுனிக்குருத்து வாடித் தலை தொங்கினால், உள்ளே துளைப்பான் புழு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். முட்டையை விட்டு வந்த சில மணி நேரத்தில் அது குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அதன்பின் மேலே எதைத் தெளித்தாலும் புழுவுக்குப் போய்ச் சேராது. துளைப்பானின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, முட்டையிலேயே அதன் கதையை முடிக்கும் ஒட்டுண்ணிக் குளவி டிரைக்கோகிரம்மா; அதனால்தான் அது ஏறிய முட்டைகளை ஒட்டி விற்கும் அட்டைக்கு இவ்வளவு மதிப்பு. வேளாண் அறிவியல் நிலையங்களிலும், பயிர்ப் பாதுகாப்புப் பூச்சிகளை வளர்த்து விற்கும் தனியார் ஆய்வகங்களிலும் கேட்டுப் பாருங்கள். அட்டையின் விலை பெரிய பாரமில்லை. தபாலில் வரவழைத்தால் கூரியர் செலவுதான் உறுத்தும்.

கெட்டி அட்டையில் கோந்து தடவி, அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளைத் தூவி ஒட்டியிருப்பார்கள். விரலால் தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். புற ஊதா ஒளியில் கருவை அழித்துவிடுவதால் அந்த அந்துப்பூச்சியின் புழு வெளிவராது. அந்த முட்டைகளுக்குள் டிரைக்கோகிரம்மா தன் முட்டையை இட்டிருக்கும். இது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி இனம், மனிதரைக் கொட்டாது. 1 சிசி (ஒரு கன சென்டிமீட்டர் முட்டை ஒட்டிய) அட்டையில் ஏறக்குறைய 18,000 முதல் 20,000 முட்டைகள் இருக்கும்.

கையில் வாங்கியதும் நிறத்தைப் பாருங்கள். ஒட்டுண்ணி ஏறிய முட்டை மூன்று நான்கு நாளில் கறுத்துவிடும். அட்டை முழுக்கக் கருமையாக இருந்தால் நல்ல சரக்கு. வெளிர் மஞ்சள் திட்டுகள் பரவலாக இருந்தால் ஒட்டுண்ணி சரியாக ஏறவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கும்போது கருப்பு ஓட்டில் வட்டமாக ஊசித்துளை தெரிந்தால், குளவி ஏற்கெனவே பறந்துவிட்டது. வந்திருப்பது வெறும் ஓடு. வெயிலில் நாள்கணக்கில் கிடந்த பார்சலில் இது நடக்கும். எந்த இனம், ஒட்டுண்ணி ஏற்றிய தேதி, குளவி வெளிவரும் தேதி இந்த மூன்றும் அட்டையில் எழுதியிருக்க வேண்டும். தேதியில்லாத அட்டையை வாங்காதீர்கள். கத்தரி, தக்காளிக்குக் கைலோனிஸ் என்ற இனத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜப்பானிகம் நெல் தண்டுத்துளைப்பானுக்கானது.

மாடித்தோட்டத்துக்கு ஒரு அட்டை மிக அதிகம். தக்காளிக் காய்ப்புழுவுக்கு எக்டருக்கு ஒரு தடவைக்கு 50,000 ஒட்டுண்ணி என்று கணக்கிட்டால், ஒரு அட்டை கிட்டத்தட்ட ஒரு ஏக்கருக்குப் போதும். இருபது தொட்டிக்கு ஒரு விரலளவு துண்டே தாராளம். ஆனால் ஒரே தடவை கட்டினால் பலனில்லை. துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி தினமும் முட்டையிடும். குளவியின் ஆயுளோ சில நாள்தான். பூ எடுக்கத் தொடங்கியதும், அல்லது பெண் அந்தின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் முதல் அந்து விழுந்ததும் ஆரம்பித்து, வாரம் ஒரு துண்டாக ஆறு வாரம் கட்ட வேண்டும். மீதியை ஃப்ரிட்ஜில் 10 டிகிரி அளவில் வைத்தால் பொரிப்பு சில நாள் தள்ளிப்போகும், ஆறு வாரம் தாங்காது. தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதே கட்டுப்படியாகும்.

மாலை வெயில் தாழ்ந்தபின் கட்டுங்கள். வெட்டும்போது முட்டைகள் நசுங்காமல் பார்த்துக்கொண்டு, முட்டை ஒட்டாத ஓரத்தில் மட்டும் ஸ்டேப்ளர் பின் அடித்து, இலையின் அடிப்புறத்தில் முட்டைப் பக்கம் இலையைப் பார்த்தபடி வையுங்கள். நிறைய பேருக்கு இது பலிக்காமல் போகக் காரணம் எறும்பு. ஒரே இரவில் அட்டையைச் சுத்தமாகத் துடைத்துவிடும். எறும்பு ஏறும் செடியாக இருந்தால் காகிதக் கப்பைக் கவிழ்த்து உள்ளே துண்டை ஒட்டி, நூலில் தொங்கவிடுங்கள். நூலில் வாசலின் தடவிவிட்டால் எறும்பு தாண்டாது. கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் வேப்பெண்ணெய் உட்பட எதையும் தெளிக்கக் கூடாது.

வெளிவரும் குளவிக்குத் தேன் கிடைத்தால்தான் அது கூடுதல் நாள் வாழ்ந்து கூடுதல் முட்டைகளைத் தேடும். செம்பருத்தி போன்ற பெரிய பூக்கள் இதற்கு உதவாது. கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை மாதிரி தேன் மேலாகத் திறந்திருக்கும் பொடிப்பூக்கள் வேண்டும். கொத்தமல்லியைக் கீரைக்கென்று முழுக்கப் பறித்துவிடாமல் இரண்டு தொட்டியைப் பூக்க விடுங்கள். விதைத்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், அட்டைக்குச் சொல்லி வைக்கும் முன்பே விதைத்தாக வேண்டும். ஓரத்தில் நாலு தட்டைப்பயறு ஊன்றினால் அதில் வரும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டும் வந்து சேரும். அதுவும் வேண்டும், ஏனென்றால் அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எதையும் இந்த அட்டை தொடாது. ஏற்கெனவே உள்ளே போன புழுவையும் தொடாது; வாடிய குருத்தைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடும் வேலை உங்களுடையதுதான்.

விற்பவர்கள் அதிகம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குளவிக்கு அந்து முட்டை, வண்ணத்துப்பூச்சி முட்டை என்ற பேதமில்லை. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் முட்டையையும் துளைக்கும். வண்ணத்துப்பூச்சிக்காகவே அந்தச் செடிகளை வளர்ப்பவர்கள் துண்டைத் தோட்டத்தின் மறுகோடியில், கத்தரியோடு மட்டும் கட்டுங்கள். ஐந்தாறு கத்தரிச் செடிதான் இருக்கிறது என்றால், எங்கள் கருத்தில் அட்டையே வேண்டாம். குருத்தைக் கிள்ளுவதும் ஒரு இனக்கவர்ச்சிப் பொறியும் கொத்தமல்லிப் பூவும் போதும்.