ஓய்வுக்குப் பிறகு எந்தக் குழுவில் சேரலாம்? மதுரையிலிருந்து ஓர் ஒப்பீடு

2019 மே மாதக் கடைசியில், 58 வயதில், அரசுப் பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். மறு வருஷமே ஓய்வு வயது 59 ஆனது, 2021-இல் 60. எனக்குக் கிடைக்காமல் போன அந்த இரண்டு வருஷமும் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடியே போனது. அதில் பாதி கொரோனாவில் கழிந்தது. வெளியே போக முடிந்ததும், மதுரையில் ஓய்வுபெற்றவர்கள் எங்கெல்லாம் கூடுகிறார்களோ அங்கெல்லாம் தேடிப் போனேன். நடைக் குழு, ஓய்வூதியர் சங்கம், சொற்பொழிவு, முற்றோதல், வேன் சுற்றுலா, ரயில் யாத்திரை என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. இப்போது ஓய்வு பெறுகிறவர்கள் "எதில சேரலாம் டீச்சர்?" என்று கேட்டால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் குழுவாக இருந்தாலும் நான் பார்ப்பது சாதாரண விஷயங்கள்தான். படி எத்தனை? கழிப்பறை எங்கே இருக்கிறது? ஒரு பெண் தனியாக வந்து சங்கடமில்லாமல் உட்கார முடியுமா? மாதம் எவ்வளவு செலவாகும்? கடைசியாக, ஒரு நாள் நாம் போகாவிட்டால் யாராவது தேடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மார்க் வைத்திருக்கிறேன்.

காலை நடையும் மாதக் கூட்டமும்

ஈகோ பார்க், ரேஸ்கோர்ஸ் மைதானம், வண்டியூர் கண்மாய்க் கரை என்று மதுரையில் காலை ஆறு மணிக்கு எங்கே போனாலும் நடைக் குழு ஒன்று இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே ஒன்றில் சேர்ந்துவிட்டார். நடப்பது நாற்பது நிமிஷம். அப்புறம் டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம். யாருக்குக் கண்புரை ஆபரேஷன், யார் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், எந்த டாக்டர் பொறுமையாகக் கேட்கிறார் என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் பேசப்படும். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து டீ வாங்குவதால் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

குறை என்னவென்றால், அந்த பெஞ்சு இன்னும் ஆண்கள் பெஞ்சாகவே இருக்கிறது. காலையில் நடக்க வரும் பெண்களுக்கு ஏழு மணிக்குள் வீடு திரும்பியாக வேண்டும். பேரனுக்கு டிபன் பாக்ஸ் கட்டணும், மகளும் மருமகளும் வேலைக்குக் கிளம்பணும். அதனால் நாங்கள் பதினொரு பேர் மாலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டோம். நடை கொஞ்சம்தான். மிச்ச நேரம் பார்க் சிமெண்ட் பெஞ்சில் பேச்சு.

ஓய்வூதியர் சங்கம் வேறு மாதிரி. கோரிக்கை, தீர்மானம், ஆர்ப்பாட்டம் என்று இருக்கும் என்று நினைத்து முதலில் நான் போகவே இல்லை. அது தவறு என்று போன பிறகுதான் தெரிந்தது. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்கான கம்யூட்டேஷன் பிடித்தம் 15 வருஷத்தில் நிற்கும், 80 வயது நிறைந்தால் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், உயிர்வாழ் சான்றை வீட்டில் இருந்தபடியே கொடுக்கலாம் என்பதெல்லாம் நமக்கு யார் சொல்கிறார்கள்? சங்கத்தில்தான் சொல்கிறார்கள், ஃபாரமையும் அவர்களே நிரப்பித் தருகிறார்கள். கணவர் போன பிறகு பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணைப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பீரோவைக் குடைந்துகொண்டிருந்த பெண்கள் மூன்று பேரை எனக்கே தெரியும். அதனால் ஓய்வூதியம் வாங்குகிறவர் மட்டும் போய்வரக் கூடாது. மனைவியையோ கணவரையோ கூட்டிக்கொண்டு போக வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது.

நான் போகும் சங்கத்தின் கூட்டம் முதல் மாடியில் நடக்கிறது. செங்குத்தான படி, கைப்பிடியும் ஆடும். 75 வயது நிறைந்தவர்களுக்குச் சால்வை போடுகிறார்கள், அந்த 75 வயதுக்காரர் படியேற இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தரைத்தளத்தில் ஒரு கல்யாண மண்டபச் சாப்பாட்டுக் கூடம் கிடைத்தால்கூடப் போதும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இரண்டில் ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடைக் குழுவுக்கு நம் சுகர் அளவு தெரியும், சங்கத்துக்கு நம் பி.பி.ஓ. எண் தெரியும். இரண்டும் தேவை.

உட்கார்ந்து கேட்பதா, சேர்ந்து ஓதுவதா

பேச்சுக்கு மதுரையில் பஞ்சமே கிடையாது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் வைத்த ஊர். லெட்சுமி சுந்தரம் ஹாலில் கச்சேரிகள் நடக்கும். நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்த பிறகு, முழங்கால் வலிக்காரர்களுக்கும் போக ஓர் இடம் கிடைத்தது. லிஃப்ட் இருக்கிறது. கூட்டம் எதுவும் இல்லாத நாளில்கூட நாலு பேர் சேர்ந்து போய் ஆளுக்கொரு புத்தகத்தோடு மதியம் வரை உட்கார்ந்திருக்கலாம். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதால், "பஸ்ஸுக்குக் காசு குடு" என்று மகனிடம் கேட்காமல் கிளம்ப முடிகிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சொந்த வருமானமில்லாத அக்காமார்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் சொற்பொழிவு முடிந்ததும் நாற்காலி கலைந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்தவர் யார் என்று தெரியாமலே பத்துக் கூட்டம் போய்வந்திருக்கிறேன். மாலை ஆறரைக்கு என்று போட்டு ஏழேகாலுக்கு ஆரம்பித்தால் வீடு திரும்ப ஒன்பது ஆகிவிடும். காது மந்தமானவர்களுக்கு அந்தக் கூடங்களின் எதிரொலியில் பாதிப் பேச்சு போய்ச் சேராது.

திருவாசக முற்றோதல் இதற்கு நேர் எதிர். 658 பாட்டையும் ஒரே நாளில், காலையில் சிவபுராணத்தில் தொடங்கி மாலைக்குள் சேர்ந்து ஓதி முடிப்பது. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே போய் ஓதுகிற குழுக்களும் உண்டு. யாரும் பேச்சாளர் இல்லை, யாரும் கேட்பவர் மட்டும் இல்லை. பத்து மணிவாக்கில் குரல் கட்டும், யாராவது சுக்குவெந்நீர் நீட்டுவார்கள். நான் முதல் தடவை போனபோது பக்கத்தில் 81 வயது அம்மா ஒருவர். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர், திருச்சதகம் நூறு பாட்டையும் புத்தகம் பார்க்காமல் சொன்னார். நான் தடுமாறிய இடத்தில் என் புத்தகத்தில் சரியான வரியில் விரல் வைத்தார். வீட்டில் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தவிர யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை என்று மதியச் சாப்பாட்டின்போது சொன்னார். அங்கே அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறவராக இருந்தார்.

நாள் முழுக்க உட்கார வேண்டும் என்பதால் முதுகுவலி உள்ளவர்கள் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தயங்கவேண்டாம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவத் தோழியையும் முஸ்லிம் தோழியையும் நான் அங்கே கூப்பிட முடியாது. பல சமயத்தாரும் உள்ள நட்பு வட்டம் என்றால் நூலகமும் வேனும்தான் ஒத்துவரும்.

மனவளக்கலை மன்றங்கள் பற்றியும் கேட்கிறார்கள். வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி, உட்கார்ந்தும் படுத்தும் செய்வது. நடக்க முடியாதவர்களுக்கு நல்லது. பேச்சும் சிரிப்பும் அங்கே குறைவு. அமைதி வேண்டியவர்கள் போகலாம்.

வேன், ரயில், மலை

வெளியே போவதில் மூன்று வகை பார்த்திருக்கிறேன். நாமே வேன் பிடித்துப் போகும் ஒருநாள் சுற்று, யாரோ ஏற்பாடு செய்யும் பல நாள் யாத்திரை, பிறகு மலை நடை.

வேனில் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது கீழடி. மதுரையிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாகக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் மாலைக் குழுவும் வீட்டுக்காரரின் காலைக் குழுவும் சேர்ந்து ஒரு டெம்போ டிராவலரில் போனோம். நூல் நூற்க மண்ணில் செய்த தக்களிகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் ஹார்வி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் நின்றுவிட்டார். அதிகம் பேசாதவர். "டீச்சர், இது கனமா இருந்தா நூலு தடிப்பா வரும். லேசா இருந்தாத்தான் சன்னமா இழுக்கலாம்" என்று ஆரம்பித்தவர், பஞ்சு எப்படித் திரியாகிறது, முறுக்கு ஏன் வேண்டும், ஈரப்பதம் குறைந்தால் நூல் எப்படி அறுந்துபோகும் என்று கால் மணி நேரம் சொன்னார். சுற்றுலா வந்த காலேஜ் பிள்ளைகளும் நின்று கேட்டார்கள். அடுத்த அறையில் வட்டச்சில்லுகளைப் பார்த்ததும் எங்கள் குழுவில் மூத்த அக்கா, "ஏய், இது நாம பாண்டி ஆடுன சில்லு!" என்று முற்றத்துத் தரையில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினார். இத்தனை கூட்டம் கேட்டிருக்கிறேன், இப்படி மனசில் நின்ற பேச்சு வேறு இல்லை.

ஒருநாள் சுற்றுக்கு இரண்டு மணி நேரப் பயணத்துக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் அனுபவம். கழிப்பறை எங்கே நிறுத்தலாம் என்று முன்கூட்டியே டிரைவரிடம் பேசிவிட வேண்டும். தண்ணீர் குடிக்காமலே வந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு, பெண்கள்தான் அதிகம்.

பல நாள் யாத்திரைக்கு வருவோம். இந்து சமய அறநிலையத் துறை அறுபடை வீடுகளுக்கு இலவசமாக அழைத்துப் போகிறது. 60 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்கும் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு இடிக்கும். ஆனால் ஓய்வூதியமே இல்லாத உங்கள் அக்கம்பக்கத்தாருக்கு இதைச் சொல்லுங்கள், விண்ணப்பிக்கவும் உதவுங்கள். சொந்தச் செலவில் போகிறவர்கள் பழனி என்றதும் 693 படியை நினைத்துப் பயப்படவேண்டாம், வின்ச்சும் ரோப்காரும் இருக்கின்றன. ஆனால் பராமரிப்புக்காக ரோப்காரை மாதம் ஒரு நாளும் வருஷத்துக்கு ஒரு தடவை பல நாளும் நிறுத்துவார்கள், காற்று பலமாக அடித்தாலும் நிறுத்துவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சுவாமிமலையில் 60 படி, மெதுவாக ஏறிவிடலாம்.

ரயிலில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். சலுகை இருந்த காலத்தில் வருஷத்துக்கு இரண்டு பயணம் போனவர்கள் ஒன்றாகக் குறைத்துவிட்டதைப் பார்க்கிறேன். மிச்சம் இருப்பது லோயர் பெர்த் ஒதுக்கீடு. 60 வயது ஆண்களுக்கும் 45 வயது பெண்களுக்கும் உண்டு. அந்தக் கோட்டாவில் ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர்தான் போக முடியும். குழுவாகப் போகிறோம் என்று ஆறு பேருக்கு ஒரே டிக்கெட் எடுத்தால் அது கிடைக்காது. இரண்டிரண்டு பேராகப் போடுங்கள்.

யாத்திரையில் பார்க்கும் இடங்கள் பெரிது, செலவும் பெரிது. பத்து நாள் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் இறங்கும்போது போன் நம்பர் வாங்கிக்கொள்வார்கள். பொங்கலுக்கு வாழ்த்து வரும், அப்புறம் அதுவும் நின்றுவிடும்.

மலை நடை என்று நான் சொல்வது எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை போன்றவை. கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி என்று காலையிலேயே கூட்டிப்போய் கல்வெட்டையும் தீர்த்தங்கரர் சிற்பத்தையும் அறிஞர்களை வைத்தே சொல்ல வைப்பார்கள். எல்லா வயதினரும் வருவதால் சின்னப்பிள்ளைகளோடு பேச வாய்க்கிறது. முழங்கால் சரியாக இருக்கும்போதே போய்விடுங்கள். மலையேற முடியாதவர்களுக்குக் கீழக்குயில்குடியில் அடிவாரத் தாமரைக் குளமும் அய்யனார் கோயில் ஆலமரமும் போதும்.

எனக்கு எது முதலில்

கணவன் மனைவி இருவரும் இருந்து, பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தால் உங்கள் விருப்பப்படி எதில் வேண்டுமானாலும் சேரலாம். முதலில் வேன் பயணத்திலோ யாத்திரையிலோ ஆரம்பித்தாலும் தவறில்லை. தனியாக இருப்பவர் என்றால் நான் முதலில் அனுப்புவது நடைக் குழுவுக்குத்தான், நடக்கவே முடியாவிட்டாலும் பெஞ்சுக்காவது. சங்கத்தில் அடுத்த மாதம்தான் பார்ப்பார்கள், முற்றோதலில் அடுத்த முற்றோதலுக்கு. பெஞ்சில் மறுநாள் காலையே பார்ப்பார்கள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது. வீட்டுக்காரரின் குழுவில் மனைவியை இழந்து தனியாக இருக்கும் ஒருவர், மகன் பெங்களூரில். ஒரு நாள் வரவில்லை, மழை என்று விட்டுவிட்டார்கள். மறுநாளும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு இரண்டு பேர் ஸ்கூட்டரில் போனார்கள். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே முக்கால் மணி நேரம் ஆனது. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து முதல் நாள் மதியத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து பெஞ்சு வரை வருகிறார்.

அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் அவர்கள் டீக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் போன் நம்பர் என்ன, பிள்ளைகள் நம்பர் என்ன என்று எழுதி வைத்தார்கள். எங்கள் மாலைக் குழுவிலும் அதே மாதிரி ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். பதினொரு பேரில் ஒன்பது பேருடைய விவரம் வந்துவிட்டது. மீதி இரண்டு பேரிடம் நாளை சாயங்காலம் கேட்டு எழுதணும்.