89 வெள்ளிக்கு என் அஞ்சறைப்பெட்டி

இணையத்தில் ‘ஆரம்பநிலை சூனியக்காரி’ என்று ஆங்கிலத்தில் தேடினால் வந்து நிற்கும் கறுப்புப் பெட்டியைப் பற்றியது இது. மூடியில் தங்க நிறப் பிறை. விலை 89 மலேசிய வெள்ளி, தபால் செலவு தனி. வாங்கியது நானில்லை, பள்ளியில் படிவம் 4 படிக்கும் என் மகள். காசு, கிறிஸ்துமஸுக்கு அவளுடைய பாட்டி கொடுத்தது. அந்தப் பாட்டி, அதாவது என் மாமியார், வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டு ஹாலில் உபவாச ஜெபம் நடத்துகிறவர். என் கணவர் சபை மூப்பர். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதிக் கதை புரியும்.

பார்சல் என் கையில் சிக்கியது தற்செயல். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்கு மாடியில் எல்லாப் பார்சலையும் கீழே காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம்தான் விட்டுப் போவார்கள். ரைஸ் குக்கருக்கு உள்சட்டி சொல்லியிருந்தேன். அதுதான் வந்திருக்கிறது என்று சமையல் மேசையில் வைத்துப் பிரித்தேன். உள்ளே என் சுண்டுவிரல் உயரத்தில் 12 கண்ணாடிக் குப்பிகள், தக்கை மூடி போட்டு வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: பாதுகாப்பு, காதல், பணவரவு, நல்ல உறக்கம்.

பயந்தேனா என்றால், அரை நிமிடம் பயந்தேன். அப்புறம் ‘பணவரவு’ குப்பியின் தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தேன். பட்டை. ‘பாதுகாப்பு’ கிராம்பு, எண்ணிப் பார்த்தேன், 9 இருந்தது. ‘தெளிந்த பார்வை’ அன்னாசிப்பூ. ‘விருப்பம் நிறைவேற’ பிரிஞ்சி இலையைக் கத்தரித்துப் போட்டது. ‘கறுப்பு உப்பு’ என்றிருந்ததில் சாதா உப்போடு கரித்தூள். லாவண்டர், ரோஸ்மேரி, ரோஜா இதழ், இன்னும் இரண்டு மூன்று காய்ந்த பூக்கள் மட்டும்தான் என் அடுப்படியில் இல்லாதவை. ரோஸ்மேரிகூட கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆட்டிறைச்சிக்கு வாங்குவதுண்டு. லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து 10 வெள்ளியை நீட்டினால் இதில் 7 சாமானைக் கைநிறையக் கட்டிக்கொடுப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கிராம்பும் ஜாதிக்காயும் நட்டுவைத்த தீவு இது. இங்கே உட்கார்ந்துகொண்டு 9 கிராம்பைத் தபாலில் வரவழைத்திருக்கிறாள் என் மகள்.

பள்ளி விட்டு வந்தவள் மேசையைப் பார்த்ததும் புத்தகப் பையைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

“ம்மா, அது என்னுது.”

“தெரியுது. இந்தப் பட்டை எதுக்கு பாப்பா?”

“காசு வர்றதுக்கு.”

“இருபது வருஷமா இந்த வீட்டுல பிரியாணி வேகுது. எங்க லா காசு?”

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ‘அப்பாகிட்ட சொல்லுவீங்களா’ என்று கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன்.

சரி, பொருளுக்கு வருகிறேன். மூலிகைகள் தரமாகத்தான் காய்ந்திருந்தன, பூஞ்சை இல்லை. அதற்கு மேல் பாராட்ட ஒன்றுமில்லை. மெழுகுவத்தி 8, வெவ்வேறு நிறம். பிறந்தநாள் கேக்கில் செருகுவதைவிடக் கொஞ்சம் தடிமன், 10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மெழுகுவத்தி விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. நான் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம், கல்யாணத்துக்குப் பிறகுதான் சபை. ஜூலை 26 திருநாள் வந்தால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலில் என் உயரத்துக்கு மெழுகுவத்தி வாங்கி ஏற்றிய குழந்தை நான். சபையில் அதெல்லாம் கிடையாது. ஏற்றினால் விக்கிரகம் என்பார்கள். மகள் பச்சை மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடியபோது, அந்த முகம் எனக்குப் புதிதாக இல்லை.

கற்கள் 4. ஊதாக் கல்லை அமெதிஸ்ட் என்று எழுதியிருந்தார்கள். பௌர்ணமியன்று அதைத் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைத்து, காலையில் அந்த ‘நிலாத் தண்ணீரை’க் குடிக்க வேண்டுமாம். காலையில் பார்த்தால் தண்ணீர் ஊதா, கல் வெள்ளை. அசல் அமெதிஸ்ட் குவார்ட்ஸ் வகை, நிறம் கல்லுக்குள் இருக்கும் இரும்பால் வருவது, கழுவினால் போகாது. தண்ணீரில் கரைகிற கல்லை நான் கல்கண்டில்தான் பார்த்திருக்கிறேன். நல்லவேளை குடிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இது நடக்கிறது என்றால், பிள்ளைகளிடம் இதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்: கல் ஊறிய தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பச்சை நிற மாலகைட் மாதிரி செம்பு கலந்த கற்கள் உண்மையிலேயே விஷம்.

விற்பனையாளருக்கு மகள் புகார் அனுப்பினாள். ‘நிறம் போவது கெட்ட சக்தி வெளியேறுவதன் அடையாளம்’ என்று பதில் வந்தது, கூடவே அடுத்த முறை வாங்கினால் 5 வெள்ளி கழிவு. இப்படி வாயடிக்கத் தெரிந்தவர் காய்ந்த பூ விற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது வெள்ளை சேஜ் என்ற இலைக்கட்டு. கலிபோர்னியாப் பக்கம் வளரும் செடி, அங்குள்ள பூர்வகுடிகள் சடங்குகளில் புகைக்கு வைத்திருப்பது. கொளுத்தினால் சாம்பிராணியில் பாதி மணம்கூட இல்லை, புகை மட்டும் இரண்டு பங்கு. மாமியார் மார்க்கெட் போயிருந்த ஒரு காலையில் பால்கனியில் வைத்துப் பற்றவைத்தோம். ஆமாம், நானும்தான். நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன், அவள் புகையைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் கேட்டேன், இதெல்லாம் எதுக்கும்மா என்று.

“சபையில எல்லாரும் எனக்காக ஜெபம் பண்றாங்க. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்ல.”

கிண்ணத்தில் பாதி நெத்திலி பாக்கி இருந்தது. கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் அம்மா காலத்தில் சூனியம் என்றால் வாசலில் எலுமிச்சம்பழம், முட்டை, யாரோ ஒருவருக்குச் செய்வினை, அதை எடுக்க மலாய் மந்திரவாதி போமோவிடம் ஓட்டம். அடுத்தவரைக் கெடுக்கத்தான் அது. இவள் செய்வது அந்த வகையல்ல என்பது ஒரு பிரிஞ்சி இலையில் தெரிந்தது. பெட்டியில் வந்த இலை தீர்ந்ததும் என் டப்பாவில் கைவைத்திருக்கிறாள். தால்ச்சாவுக்கு எடுக்கும்போது ஒரு இலையில் பால்பாயிண்ட் பேனாவால் ‘ஆட் மேத்ஸ், பி ஆவது’ என்று எழுதியிருந்தது. கூடுதல் கணிதத்தில் பி தரமாவது வேண்டுமாம். விருப்பத்தை எழுதி எரிக்க வேண்டிய இலை, எரிக்க மறந்துவிட்டாள் போல. அந்த இலையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வேறொன்றைக் கிள்ளிப் போட்டேன்.

இன்னொன்றும் அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் காலத்துச் சூனியக்காரிகளின் ‘விக்கா’ மார்க்கத்தைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர் 1911 முதல் 1936 வரை நம் மலாயாவில் இருந்தவராம். முதலில் ரப்பர் தோட்டம், பிறகு ஜொகூரில் சுங்கத்துறை. மலாய்க்காரர்களின் கிரீஸ் கத்திகளைப் பற்றி ஒரு புத்தகம்கூட எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1735-இல் போட்ட சூனியச் சட்டத்தை 1951-இல் நீக்கிய பிறகுதான் சூனியம் பற்றி வெளிப்படையாக எழுதி, 1954-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். என் தாத்தா கெடாவில் பால் மரம் சீவியவர். இதைக் கேட்டிருந்தால் “தொரையும் சூனியம் வச்சானா?” என்றிருப்பார்.

இனி சீட்டுக்கட்டு. பெட்டியோடு குறி பார்க்கும் டாரோ கட்டு ஒன்று வந்தது. ஹார்ட், ஸ்பேட் மாதிரி இதில் கோப்பை, வாள் என்று இனங்கள். 78 இருக்க வேண்டும், எண்ணினால் 77. அதிலும் எட்டுக் கோப்பை இரண்டு தடவை, கோப்பை ஏஸ் இல்லவே இல்லை. விளக்கப் புத்தகத்துக்குப் பதில் ஒரு கியூஆர் குறி. அட்டை மெலிசு, ஓரத்தில் படம் வெட்டுப்பட்டிருக்கிறது. போலி. அது எனக்குத் தெரிந்தது எப்படி என்றால், கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை எனக்குச் சொல்லாமல் அசல் கட்டு ஒன்றை மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பியிருந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அசல் வேறு சங்கதி. 1909-இல் லண்டனில் வெளிவந்தது. வெயிட் என்பவர் திட்டம் போட, 78 படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் சின்னக் கோல முடிச்சு மாதிரி அவருடைய கையொப்பம் இருக்கிறது. போலிக் கட்டில் பாதிச் சீட்டுகளில் அது மசிந்து கிடந்தது. 1911-இல் அந்த அம்மா கத்தோலிக்கத்தில் சேர்ந்தார் என்று மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. படங்களைப் பார்த்ததும் நம்பினேன்.

15 வருடமாக சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். 2-ஆம் சீட்டில் ஒரு பெண் இரண்டு தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள், தூண்களில் ஆங்கில பி, ஜே. “இது என்னன்னு நெட்ல தேடணும்” என்றாள் மகள். “தேட வேணாம், போவாஸ், யாகீன். சாலொமோன் கட்டின ஆலயத்துத் தூண்” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்காகவே அந்தக் கட்டுக்குக் காசு கொடுக்கலாம். 6-ஆம் சீட்டில் ஆதாம், ஏவாள், மரத்தில் சர்ப்பம். 10-இல் நான்கு மூலையிலும் எசேக்கியேலின் நான்கு ஜீவன்கள், ஆளுக்கொரு புத்தகத்தோடு. 20-இல் தேவதூதன் எக்காளம் ஊத, மரித்தவர்கள் பெட்டியிலிருந்து எழுகிறார்கள். கோப்பை ஏஸில் புறா ஒன்று நற்கருணை அப்பத்தைக் கொத்திக்கொண்டு இறங்குகிறது. வாள் மூன்றில் மூன்று வாள் தைத்த இதயம். வியாகுல மாதாவுக்கு ஏழு, அவ்வளவுதான் வித்தியாசம். அன்று ராத்திரி ஒரு மணி நேரம் நான் அவளுக்குப் பைபிள் சொல்லிக்கொடுத்தேன், அவள் எனக்குச் சீட்டு சொல்லிக்கொடுத்தாள். எதிர்காலம் தெரியும் என்பதை நான் ஏற்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுக்குப் பிறந்த கட்டு இது, குறி பார்ப்பது பரவியதே 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில். அப்பா தோட்டத்தில் ஆடிய ரம்மிக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

மாட்டிக்கொண்டது மெத்தை உறை மாற்றிய நாளில். மாமியார் கையில் சிக்கியது மற்ற 76-இல் ஒன்றாக இருந்திருக்கக்கூடாதா? 15-ஆம் சீட்டு, சாத்தான், சங்கிலியில் அம்மணமாக ஒரு ஆணும் பெண்ணும். “இயேசுவின் ரத்தம் ஜெயம்!” என்ற குரலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் கணவர் திட்டவில்லை. பைபிளை எடுத்து அப்போஸ்தலர் 19-ஐ வாசித்தார். எபேசுவில் மாயவித்தைப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து சுட்டெரித்தார்கள், கிரயம் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. “அம்பதாயிரம் வெள்ளியா? அக்காவுது 89தானே?” என்றான் சின்னவன்.

மகள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள்.

11-ஆவது மாடி, எங்கே எரிப்பது? தாழ்வாரக் கோடியில் காலி மைலோ டின்னில் போட்டுக் கொளுத்தினார். பொருளின் எரியும் தரத்தையும் எழுதிவிடுகிறேன்: படுமோசம். பிளாஸ்டிக் பூச்சு சுருண்டு சொட்டுகிறது, செருப்பு பொசுங்குகிற நாற்றம், நெருப்பு இரண்டு தடவை அணைந்தது. எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி கதவைத் திறந்து பார்த்தார். சீனர்களின் ஏழாம் மாதத்தில் அவர் முன்னோர்களுக்குக் காகிதப் பணம் எரிப்பது அதே மூலையில்தான். யாராவது இறந்துவிட்டார்களா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றதும் உள்ளே போய், ஓட்டை போட்ட தன் பெரிய தகர உருளையைத் தூக்கிவந்து கொடுத்தார். அதில் நன்றாகப் பிடித்தது. உருளை எதற்கானது என்று மாமியாருக்குத் தெரியாது. கணவருக்குத் தெரியும். ‘தேங்க்யூ ஆண்ட்டி’ என்றார், அவ்வளவுதான்.

மறு ஞாயிறு போதகர், பைபிளில் எந்தோர் என்ற ஊரில் அஞ்சனம் பார்த்துச் செத்தவரை எழுப்பிய ஸ்திரீயைப் பற்றிப் பிரசங்கித்தார். நாள் முழுக்கச் சாப்பிடாமல் விழுந்து கிடந்த சவுல் ராஜாவுக்கு அவள் கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து அப்பம் சுட்டுக் கொடுத்ததை அவர் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

பெட்டிக்கு 1 நட்சத்திரம், அதுவும் அந்தக் குட்டிக் குப்பிகளுக்காக. கழுவி ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறேன். அசல் சீட்டுக்கட்டுக்கு 4. ஒன்றைக் குறைத்தது 15-ஆம் சீட்டுக்கு. அட்டை தடிமன், அச்சு தெளிவு, ஒன்றுகூடக் குறையவில்லை. சீட்டு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளம், 7 அகலம். பிஸ்கட் தீர்ந்தபின் தையல் சாமான் போட்டு வைக்கிற நீல நிற வட்ட டின் எல்லோர் வீட்டிலும் இருக்குமே, அதன் அடியில் படுக்கவைத்தால் கச்சிதமாக உட்காரும். போன சனிக்கிழமை கணவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்குப் பட்டன் தைக்க என் டின்னைத் திறந்தபோதுதான் பார்த்தேன். வெள்ளை நூலை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற நூல்கண்டுகளை இருந்த மாதிரியே அடுக்கி மூடினேன்.