மலைநாட்டு மரக்கறி லயத்துக்கு வர மூன்று வழிகள்: எது கட்டுப்படியாகும்?

நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் பிடுங்கிய கரட், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) வந்து சேர மூன்று வழி இருக்கிறது: மொத்த வியாபாரம் நடக்கும் பொருளாதார மத்திய நிலையம், வாரச் சந்தை, லயத்து ஆட்கள் சேர்ந்து விவசாயியிடம் நேரே கொடுக்கும் ஓடர்.

இன்றைக்குப் பெரும்பாலும் நடப்பது முதலாவதுதான். 1999இல் திறந்த தம்புள்ளை நிலையமும், வெலிமடைப் பக்கம் கெப்பெட்டிபொலவில் இருப்பதும் விவசாயிக்குப் பெரிய பலம். இருபது மூட்டை கோவாவை ஒரே தடவையில் வேறு யார் எடுப்பார்? ஆனால் மூட்டையை இறக்கிய பிறகுதான் விலையே தெரியும். சாக்கில் திணித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஆளும் ஏறி உட்கார்ந்து போனால் லீக்ஸும் போஞ்சியும் என்னவாகும்? அறுவடைக்குப் பிறகு வீணாகும் மரக்கறி 30 முதல் 40 சதவீதம் என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். அதில் இந்தச் சாக்குக்குப் பெரிய பங்குண்டு. இதைவிட மனசுக்குக் கஷ்டமானது, மலையில் விளைந்தது நூறு கிலோமீட்டருக்கு மேல் இறங்கித் தம்புள்ளைக்குப் போய், திரும்ப மலையேறித் தோட்டத்துக் கடைக்கு வருவது. அந்த லொறிக்கூலியையும் கொழுந்து பறிப்பவர்தான் கட்டுகிறார்.

வாரச் சந்தையில் விவசாயிக்குக் கையில் காசு, வாங்குபவருக்குப் பேரம் பேச இடம். டவுனுக்குப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இது போதும். டவுனுக்குத் தூரமாக, மேலே உள்ள தோட்டப் பிரிவான மேல் டிவிஷன்காரருக்கு மிச்சம் பிடித்த காசு ஓட்டோவுக்கே சரியாகிவிடும்.

எனக்கு நம்பிக்கை தருவது மூன்றாவது வழி. ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் பட்டியல் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், விவசாயி அளவாகப் பிடுங்கி, பிளாஸ்டிக் கூடையில் கொண்டுவந்து இறக்கலாம். வேலை விட்டு வரும் நேரத்துக்கு வர வேண்டும்; காலையில் வந்தால் லயத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆனால் இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் கடனில்தான். தோட்டத்துக் கடையில் விலை கூட என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அங்கேதான் போகிறார்கள், காரணம் கொப்பியில் எழுதிவிட்டுச் சம்பளத்தன்று கொடுக்கலாம். விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்ட விவசாயியால் அதுவரை பொறுக்க முடியாது. இந்த இடைவெளியை அடைக்காமல் எத்தனை குரூப் தொடங்கினாலும் இரண்டாம் மாதம் நின்றுவிடும். லயத்துப் பெண்களுக்குச் சீட்டுப் பிடித்துப் பழக்கம் உண்டு. அதே மாதிரி ஒரு பொதுப் பணம் சேர்த்து, விவசாயிக்கு உடனே கொடுத்து, சம்பளத்தன்று வீடுகளில் வசூலிக்கலாம். கணக்குக் கொப்பி எல்லோரும் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

தொடங்குபவர்கள் முதலில் கரட், கோவா, உருளைக்கிழங்கு மட்டும் எடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் தாங்கும். கீரையை லயத்துக்குப் பக்கத்திலேயே பாத்தி போட்டிருப்பவர்களிடம் வாங்கலாம். விவசாயியும் விளைச்சலில் கால்வாசியை மட்டும் இதற்கு ஒதுக்கட்டும். மீதி நிலையத்துக்கே போகட்டும்.