எங்க ப்ளாக் கீழ இருக்கிற ஆக்டிவ் ஏஜிங் சென்டர், அம்மாவுக்குப் பிடிச்சதும் எனக்குப் பட்ட குறையும்

சிங்கப்பூர்ல வயசான அப்பா அம்மாவ பகல் முழுக்க வீட்ல தனியா விட்டுட்டு வேலைக்குப் போறவங்களுக்காக இத எழுதறேன். நிறைய வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) ப்ளாக்ல, வாய்ட் டெக்னு சொல்ற திறந்த கீழ்த்தளத்துல ஒரு ஆக்டிவ் ஏஜிங் சென்டர் இருக்கும், வயசானவங்க பகல்ல வந்து பேசி, விளையாடிப் பொழுது போக்கற இடம், நாம லிஃப்ட்டப் பிடிக்க ஓடுற அவசரத்துல பாத்துட்டே தாண்டிப் போயிருப்போம். எங்க அம்மா இப்போ தினமும் காலையில அங்கதான். சென்டர் பேரு போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அதோட ஏரியாவுக்கு ஏரியா நடத்துற அமைப்பு வேற வேற.

முன்னாடி இதெல்லாம் சீனியர் ஆக்டிவிட்டி சென்டர்னு பெரும்பாலும் வாடகை வீட்டு ப்ளாக்குலதான் இருந்துச்சு, அதனால "அது வசதி இல்லாதவங்க போற இடம்"னு இன்னும் பல பேர் நினைக்கிறாங்க, அம்மாவும் அதேதான் சொன்னாங்க. 2021லேர்ந்து அப்படி இல்ல, 60 வயசானா போகலாம், சொந்த வீடா வாடகை வீடான்னு யாரும் கேக்கறதில்ல. 2023ல வயசானவங்களுக்காக ஏஜ் வெல் எஸ்ஜிங்கற அரசாங்கத் திட்டம் வந்தப்புறம் இன்னும் நிறைய இடத்துல திறந்திருக்காங்க.

சரி, அம்மா எப்படிப் போனாங்கன்னு சொல்றேன். எங்க ப்ளாக்லயே மேல் மாடியில இருக்கிற ஒரு சீன ஆண்டி அங்க தொண்டூழியர், நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. ஒரு நாள் கதவு தட்டி அம்மாகிட்ட மலாய்லயே பேசி, ரம்மிக்கப் (எண் போட்ட கட்டைங்கள வச்சு ஆடற ஆட்டம்) ஆட எங்களுக்கு ஒரு ஆள் குறையுது, நீங்க வாங்களேன்னு கேட்டாங்க. தனியா இருக்கீங்களே பாவம்னு யாராவது வந்திருந்தா அம்மா கேட்டையே திறந்திருக்க மாட்டாங்க, ஆள் குறையுதுன்னதும் சேலைய மாத்திட்டுக் கிளம்பிட்டாங்க. இந்த சர்வீஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான், உதவி பண்ண வந்திருக்கோம்னு வராம உங்க உதவி வேணும்னு வந்து கேக்கறாங்க. எதிர் ப்ளாக் தாத்தா ஒருத்தர் எதுக்கும் கீழ இறங்க மாட்டாரு, சென்டர்ல ஃபேன் ஓடல கொஞ்சம் பாருங்கன்னு ஒரு தொண்டூழியத் தம்பி போய்க் கூப்பிட்டான், ஸ்க்ரூட்ரைவரோட வந்தவரு இப்போ வாசல்ல இருக்கிற செடித்தொட்டி எல்லாம் அவரு பொறுப்புலதான் இருக்கு.

அம்மாவோட மேசைய நீங்க பாக்கணும். அம்மா, அந்த ஆண்டி, ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா), மூணு பேரும் பழைய கம்பத்து மலாய்லதான் பேசிக்கறாங்க, கட்டைய எடுத்து வைக்கறப்போ சத்து, டுவா, தீகான்னு சத்தமா எண்றாங்க. நாலாவது ஆளா உக்காந்திருந்த ஜேசி (ஜூனியர் காலேஜ்) படிக்கற பொண்ணுக்கு ஒண்ணும் புரியல, அவளுக்கு எண்ணிக்கை சொல்லிக் குடுத்ததே எங்க அம்மாதான், வீட்டுக்கு வந்து அத எத்தனை சந்தோஷமா சொன்னாங்க தெரியுமா.

மத்தபடி நாற்காலியில உக்காந்து பண்ற உடற்பயிற்சி, கராவோக்கே, ப்ளட் ப்ரஷர் பாக்கறது எல்லாம் உண்டு, இங்க பெரும்பாலானதுக்குக் காசு இல்ல. மதியம் சேர்ந்து சாப்பிடற நாள்ல சைவம் வேணும்னா முன்கூட்டியே சொல்லிடுங்க. நடக்க முடியாதவங்க வீட்டுக்குத் தொண்டூழியர்களே போய்ப் பேசிட்டு வராங்க, ரெண்டு நாள் கண்ணுல படலன்னா ஃபோன் பண்ணி விசாரிக்கறாங்க.

இப்போ குறை. ஸ்கூல் பசங்க விஐஏவுக்காக (ஸ்கூல்ல பண்ணச் சொல்ற சமூக சேவை) வராங்க, அதுக்கான மணிக்கணக்கு முடிஞ்சதும் அதோட சரி, அப்புறம் இந்தப் பாட்டிங்க "அந்தப் பையன் ஏன் வரல, உடம்பு சரியில்லையா"ன்னு வாரக்கணக்கா கேட்டுட்டே இருக்காங்க, எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருக்கு, போறவங்க கடைசி நாள்ல சொல்லிட்டாவது போகலாம், சென்டர்தான் அத ஏற்பாடு பண்ணணும். தமிழ் பேசற தொண்டூழியர் எங்க சென்டர்ல ரொம்பக் குறைவு, மலாய் தெரிஞ்ச அம்மா சமாளிச்சுட்டாங்க, ஊர்லேர்ந்து பிள்ளைங்களோட இருக்க வந்து தமிழ் மட்டும் தெரிஞ்சவங்க அரை மணி நேரத்துல எழுந்து போயிடறாங்க. நோட்டீஸ்லயும் தமிழக் காணோம். ஞாயித்துக்கிழமை பூட்டியே கிடக்கு, தனியா இருக்கறவங்களுக்கு அன்னைக்குத்தான் பொழுதே போகாது.

இத்தனை இருந்தும் கண்டிப்பா போகச் சொல்லுவேன். பக்கத்துல எது இருக்குன்னு தெரியலன்னா ஏஐசி (வயசானவங்க பராமரிப்பு சேவைகள ஒருங்கிணைக்கற அமைப்பு) ஹாட்லைன் 1800 650 6060க்கு அடிச்சுக் கேளுங்க. தமிழ் பேசற நம்ம ஆளுங்க, வாரத்துக்கு ஒரு மணி நேரம் முடியும்னா உங்க ப்ளாக் சென்டர்ல பேர் குடுங்க, ஆனா மாசக்கணக்கா வர முடியும்னா மட்டும் குடுங்க. அப்பா அம்மாவ முதல் நாள் கூட்டிட்டுப் போறவங்க வாசல்ல விட்டுட்டு ஓடி வந்துடாம, ஒரு ஆட்டம் முடியற வரைக்கும் கூட உக்காருங்க.