சொல்லிலிருந்தா, துறையிலிருந்தா?

குறுந்தொகை 40-ஆம் பாட்டு, ஐந்தே அடிதான். இதை ஆராய உட்கார்ந்தால் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, திணை (பாட்டின் நிலமும் உணர்வும் சார்ந்த பிரிவு), துறை (எந்தச் சூழலில் யார் யாரிடம் சொன்னது என்கிற குறிப்பு), உரை எல்லாவற்றையும் முதலில் படித்துக்கொண்டு பாட்டுக்கு வருவது. குறிஞ்சித் திணை, தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம் தலைவன் சொன்னது என்று துறை சொல்லிவிடும். யார், யாரிடம், ஏன் பேசுகிறார் என்பதில் குழப்பமே வராது, ஆனால் பதில் கையில் இருப்பதால் சொற்களை நாம் சரியாகப் பார்க்காமல் போகிறோம்.

இன்னொன்று, நேராகச் சொற்களுக்குள் இறங்குவது. என் தாயும் உன் தாயும், என் தந்தையும் உன் தந்தையும், நானும் நீயும் என்று மூன்று அடியிலும் இரண்டு இரண்டு பேராகத் தனித்தனியே நிற்கிறார்கள், மூன்றும் கேள்விகள், அப்புறம் செம்மண்ணில் மழை விழுகிறது, கடைசி அடியில் நெஞ்சங்கள் 'கலந்தன' என்கிறபோது என், உன் இரண்டுமே இல்லை! இதை நாமாகவே கண்டுபிடிக்கும்போது வருகிற சிலிர்ப்பை எந்த உரையும் தராது.

நான் இரண்டாவது கட்சி. மூன்று முறை வாய்விட்டுப் படித்து, கண்ணில் பட்டதைக் குறித்துக்கொண்ட பிறகு துறையைப் பாருங்கள், அவள் பயம் தெரிந்ததும் அந்தக் கேள்விகளே ஆறுதலாக மாறிவிடும்.