டோர் ஸ்பீக்கருக்கு அக்ரிலிக் மூடி: இரண்டு கோடை பார்த்த பிறகு

"ஏனுங்க, இந்த ஸ்பீக்கர் மூடி எங்கீங்க வாங்குனீங்க? எனக்கும் ஒரு செட் சொல்லுங்க." மில்லில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் புதுசாகக் கார் எடுத்திருக்கிறார். என் காரில் ஏறியவர் கண் நேராகக் கதவுக்குத்தான் போனது. வாங்கியதில்லை, செய்ய வைத்தது என்றதும் ஆசை இன்னும் கூடிவிட்டது. அவருக்கு வாயால் சொன்னால் பாதிதான் சொல்லுவேன். இடது பக்க மூடியை இப்போதுதான் மாற்றியிருக்கிறேன், சூடு ஆறுவதற்குள் முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாக. முன்கதவு இரண்டிலும் 6.5 இஞ்ச் காம்பொனென்ட் ஸ்பீக்கர், அதாவது இரண்டாகப் பிரித்து வைப்பது. மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், தனியாக மேலே, சைடு மிரர் மூலையில். கதவில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் ஊஃபர். அதில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு, அதாவது கோன், மஞ்சள் நிற அராமிட் (கெவ்லார் வகை) நூலில் நெய்தது. நூல் ஆலையில் காலம் தள்ளுகிறவனுக்கு நெசவு கண்ணில் பட்டால் பார்வை நகராது. அந்த ஸ்பீக்கரை வாங்கி, கம்பெனி கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் கிரில்லுக்குப் பின்னால் மறைத்துவைக்க மனசு வரவில்லை. கிரில் கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடோடு சேர்த்தே வார்த்தது, தனியாகக் கழற்ற வராது. அதில் ஓட்டையைவிட பிளாஸ்டிக்தான் அதிகம். ஆக, அந்த வட்டத்தை அறுத்து எடுத்துவிட்டு, விளிம்புக்கு ஒரு வளையம் வைத்து, அதன்மேல் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு, கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக். காந்திபுரத்தில் நேம் போர்டு செய்யும் கடையில் லேசரில் வெட்டியது. கோரல் ட்ரா என்ற வரைகிற சாஃப்ட்வேரில் செய்த ஃபைல் கொடுத்தால் போதும், வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஜோடிக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

சத்தம் எப்படி என்பதுதான் எல்லோரும் கேட்பது. நன்றாக இருக்கிறது. மூடி என்று ஒன்று இருப்பதே காதுக்குத் தெரியாது. 4 மி.மீ. ஓட்டை, ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடுவுக்கு 6 மி.மீ., முக்கோண வரிசை. இந்தக் கணக்கில் தகட்டில் 40 சதவீதம் திறந்த இடமாக வரும். கதவு ஸ்பீக்கர் கையாளுவது பாஸும் (தடித்த கீழ் ஒலி) குரலும்தான். என் செட்டில் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் ட்வீட்டருக்குப் போய்விடுகிறது. 3,000 ஹெர்ட்ஸில் ஒலி அலையின் நீளமே 11 சென்டிமீட்டருக்கு மேல். ஓட்டைக்கு ஓட்டை நடுவில் நிற்கும் 2 மி.மீ. பிளாஸ்டிக் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நண்பர் காரில் இருப்பது கோஆக்ஸியல், ட்வீட்டர் கோனுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். மூடி நடுவில் பேர் பொறிக்கிறேன், சாமி படம் பொறிக்கிறேன் என்று ஓட்டையில்லாமல் விட்டால் ஜால்ரா, வயலின் எல்லாம் மங்கிப்போகும். அதை மட்டும் செய்யவே கூடாது.

இன்னொன்று இடைவெளி. பாஸ் அடிக்கும்போது கோனைச் சுற்றியிருக்கிற ரப்பர் முன்னால் தள்ளி வரும். தகடு அதில் பட்டால் டர்ரென்று கத்தும். ஸ்பீக்கரின் முன்விளிம்புக்கும் தகடுக்கும் நடுவில் 12 மி.மீ. விட்டேன், வளையத்துக்கு அடியில் ஃபோம் டேப். இதுவரை அதிர்வு இல்லை, கிறீச் இல்லை. கதவுக்குள் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டியது பாதிக் காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதை எந்த ரிவ்யூவிலும் எண்ணில் சொல்ல முடியாது. தவில் விழும்போது அந்த மஞ்சள் நெசவு ஒரு கணம் கலங்கி, மறுகணம் நூல் நூலாகத் தெளிவாக நிற்கும். சிக்னலில் நிற்கையில் பக்கத்து சீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் மகள் உள்ளங்கையைத் தகட்டுக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் வருகிற காற்றை வாங்கிக்கொள்வாள். 4 மி.மீ. ஓட்டைக்குள் அவள் விரல் போகாது. அதற்காகவே 6 மி.மீ. ஓட்டை வேண்டாம் என்று கடையில் சொல்லியிருந்தேன்.

வெயிலில் உருகிவிடாதா என்று கேட்காதவர் இல்லை. உருகாது. அக்ரிலிக் இளக 100 டிகிரிக்கு மேல் போக வேண்டும். கோவை வெயிலில் பூட்டி நிறுத்திய காரிலும் கதவின் கீழ்ப்பாதி அந்தப் பக்கம்கூடப் போகாது. ஆனால் விரியும். 18 செ.மீ. தகடு, காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் வரை நீளும். ஸ்க்ரூ ஓட்டையை 1 மி.மீ. பெரிசாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, கை பலத்துக்கு முடுக்கினால் போதும். பலமாக முடுக்கினால் ஸ்க்ரூவைச் சுற்றித் தானாகவே விரிசல் விடும். இரண்டு கோடை கடந்தும் தகடு வளையவில்லை, மஞ்சளாகவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு தூசிக்கு வருகிறேன்.

அக்ரிலிக் தூசியை இழுக்கிற மாதிரி வேறு எதுவும் இழுக்காது. நான் பொழுதுக்கும் நிற்பது ஸ்பின்னிங் மில்லில். அங்கே நூல் முறுக்கும் ரிங் ஃபிரேம் மெஷின் ஓடும் இடத்தில் காற்றின் ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்தில் வைக்க ஒரு தனி பிளான்ட்டே ஓடுகிறது. ஈரம் குறைந்தால் பஞ்சில் ஸ்டாட்டிக் (உரசலில் ஏறும் மின்சாரம்) ஏறி, இழை ரோலரில் சுற்றிக்கொள்ளும், ஓட்டம் நிற்கும். அதே ஸ்டாட்டிக்தான் என் கார் கதவிலும். காருக்குள் ஏசி ஓடி ஓடிக் காற்று காய்ந்து கிடக்கிறது, அதை ஈரமாக்க எந்த பிளான்ட்டும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி வெள்ளையாக ஒரு படலம். என் சட்டையில் ஒட்டி வரும் பஞ்சு வேறு. அது ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் மீசை வைத்து நிற்கிறது. ஐப்பசி மழையில் மட்டும் கொஞ்சம் அடங்கும்.

வெளிப்பக்கம் படிகிற தூசி ஒரு பெரிய விஷயமில்லை. வயிறு எரிவது உள்பக்கத்துக்கு. கோன் முன்னும் பின்னும் போகும்போது ஓட்டைகள் வழியாகக் காற்று உள்ளேயும் வெளியேயும் போய் வருகிறது. உள்ளே வருகிற காற்று தூசியோடு வருகிறது, போகும்போது தூசியை விட்டுவிட்டுப் போகிறது. தகட்டின் உட்புறத்தில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் படியும். ஒரு தகட்டில் எழுநூற்றுச் சொச்சம் ஓட்டை. அத்தனைக்கும் வளையம். வெளியே எவ்வளவு துடைத்தாலும் அது அப்படியே இருக்கும். பாஸ் அதிகம் கேட்டால் வளையம் இன்னும் தடிப்பாக வருகிறது. கறுப்பு கிரில்லில் இதே தூசி இருந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே பார்ப்பதற்காகத்தானே மூடியே போட்டது! மஞ்சள் கோன் தெரிய வேண்டும் என்று செய்த காரியம், மாதம் திரும்பினால் பழைய பாத்ரூம் ஜன்னல்போல மங்கி நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, இன்றுவரை குறையவில்லை.

காய்ந்த துணியால் துடைக்கவே வேண்டாம். தேய்க்கத் தேய்க்க ஸ்டாட்டிக் ஏறி முன்னைவிட வேகமாகத் தூசி பிடிக்கும், மெல்லிய கீறலும் விழும். ஒரு மக் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, அதில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, ஒற்றி எடுக்க வேண்டும், தானாகக் காய விட வேண்டும். சோப்பின் மெல்லிய படலம் தங்கிவிடுவதால் ஒரு வாரம், பத்து நாள் தூசி குறைவாகப் பிடிக்கிறது. உள்பக்கத்துக்கு இதையே செய்ய நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, தகட்டை எடுத்து, குழாயடியில் காட்டி, ஓட்டைகளுக்குப் பழைய டூத் பிரஷ் போட்டு, காயவைத்து மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அதோடு சரி. ஸ்க்ரூவை வெறும் பிளாஸ்டிக்கில் இறக்கினால் கழற்றி மாட்டியே மரை தேய்ந்துவிடும். வளையத்தில் பித்தளை இன்செர்ட், அதாவது உள்ளே மரை வெட்டிய சின்னக் குழல், வைக்கச் சொல்லுங்கள்.

உள்ளே மெல்லிய துணி ஒட்டினால் தூசி வராதே என்கிறார்கள். வராதுதான். கோனும் தெரியாது. எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் ஒட்டலாமே என்பது நண்பரின் யோசனை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். தகட்டின் ஓரத்தில் ஒளி விட்டால் அது உள்ளுக்குள்ளேயே பட்டுத் திரும்பிப் போய், வெட்டின விளிம்பு வருகிற இடத்தில் மட்டும் வெளியே வரும். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஒளி வளையமாக மின்னும். ஆனால் ஒளி கீறலிலும் தூசியிலும்கூடப் பட்டு மின்னும். ராத்திரி ஓட்டும்போது கண்ணோரத்தில் வெளிச்சம் இருப்பதும் நல்லதல்ல.

இப்போது இடது மூடி மாற்றிய கதை. காரை சர்வீசுக்கு விட்டேன். உள்ளே சுத்தம் செய்தவர் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை மூடிமேல் அடித்திருக்கிறார். வண்டி எடுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வெயிலில் பார்த்தால், ஓட்டை ஓட்டையாக, விளிம்பிலிருந்து மயிரிழை மாதிரி விரிசல்கள் கிளம்பி, பக்கத்து ஓட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. விரலால் தடவினால் தெரியாது, சாய்த்துப் பிடித்தால் வெள்ளி நூல்போல மின்னும். லேசர் வெட்டும்போது விளிம்பு உருகி உடனே ஆறுகிறது. அந்த இடத்தில் ஓர் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆல்கஹால் கலந்த எதுவும் அதன்மேல் பட்டால் இறுக்கம் விரிசலாக வெளியே வரும். எழுநூறு ஓட்டை என்றால் எழுநூறு பலவீனமான விளிம்பு.

துடைத்த பையனை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடி மாதிரி இருப்பதைக் கண்ணாடி துடைக்கிற மருந்தால்தான் யாரும் துடைப்பார்கள். கோபம் வந்தது மேஜைக்குப் பின்னால் இருந்தவர்மேல். "வெளிய போட்டதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லீங்க சார்" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கத் திரும்பிவிட்டார். வெளியே போட்டதுதான், மறுக்கவில்லை. தொட வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, எழுதியும் இருந்தது. அதைக் காட்டிய பிறகும் ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை. பணம் பெரிசில்லை, அந்த அலட்சியம்தான் இன்னும் உறுத்துகிறது.

புதுத் தகட்டை வெட்டியதும் அனீலிங் செய்து வாங்கினேன். அடுப்பில் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, அடுப்போடு சேர்த்தே மெதுவாக ஆறவிடுவது. விளிம்பில் தங்கிய இறுக்கம் அதில் இறங்கிவிடும். எல்லாக் கடையிலும் இதற்கு அடுப்பு இருக்காது, விசாரித்துக்கொண்டு கொடுங்கள். ஷீட் வாங்கும்போது காஸ்ட் அக்ரிலிக் (அச்சில் ஊற்றி வார்த்தது) என்று கேட்டு வாங்க வேண்டும். மெஷினில் பிதுக்கி எடுக்கும் எக்ஸ்ட்ரூடட் ஷீட் விலை குறைவு, ஆனால் இந்த விரிசல் அதில் இன்னும் சீக்கிரம் வரும். உடையாத பொருள் வேண்டும் என்றால் பாலிகார்பனேட் இருக்கிறது. காலால் உதைத்தாலும் சில்லு சில்லாக உடையாது. குழந்தைகள் ஏறி இறங்கும் காருக்கு அதுதான் பாதுகாப்பு. அதை லேசரில் வெட்டினால் விளிம்பு பழுப்பாகக் கருகும், சுழலும் பிட் வைத்த ரூட்டர் மெஷினில்தான் வெட்ட வேண்டும், செலவு கூடும், கீறலும் எளிதாக விழும்.

நண்பருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று. சைடு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலைக் கண்டுபிடிக்கக் கதவுக்குள் காற்றழுத்தத்தை உணரும் சென்சார் இருக்கும். கதவின் உள்பக்கம் திறந்து கிடந்தால் அதன் கணக்கு மாறலாம். டோர் பேடை அறுப்பதற்கு முன்னால் உங்கள் காரில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் கத்தியை எடுக்காதீர்கள்.

சரி, முடிவு. சத்தத்தில் குறையில்லை, வெயிலுக்குத் தாங்கியது, காசும் கையைக் கடிக்கவில்லை, பார்க்க இவ்வளவு ஆசையாக இருக்கிறது. இருந்தாலும் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். கறுப்புப் பெயின்ட் அடித்த, ஓட்டை போட்ட உலோகத் தகடு ஒன்றை அதே அளவில் வெட்டி மாட்டுங்கள். அதே சத்தம் வரும். எவன் எந்த ஸ்ப்ரே அடித்தாலும் கவலையில்லை. அக்ரிலிக் போட்டால் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், பிறகு என் மீது கோபப்படுவீர்கள்.

என் முன்கதவில் அக்ரிலிக்தான் இருக்கும். பின்கதவுக்குச் செய்யப்போவதில்லை. கோரல் ட்ரா ஃபைல் கேட்டால் தருகிறேன். ஸ்க்ரூ ஓட்டைகள் என் வளையத்துக்கு ஏற்றபடி இருக்கும், உங்கள் கதவை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.